ஒரு மணி நேர விமானத்துக்கு பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா?

மலேசியாவில் கேரித்தீவுப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பா அம்மாவை முதன்முறையாக விமானத்தில் ஏற்றி, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வீட்டுப் புதுமனை விழாவுக்கு அனுப்ப வேண்டுமாம். கையில் போனஸ் இருக்கிறது. மலேசியா ஏர்லைன்சில் பிசினஸ் கிளாஸ் பார்த்தால் எக்கானமியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு காட்டுகிறது. அப்பா ஆயுசு பூரா செம்பனைக் குலை வெட்டிக்கொண்டே தலைக்கு மேல் போகும் விமானங்களைப் பார்த்தவர், ஒரு தடவையாவது முன்னால் உட்காரட்டும் என்று ஆசை, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு காசு கொட்டுவது முட்டாள்தனமா என்பதுதான் கேள்வி.

நான் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.யில் செக்-இன் கவுண்டருக்குப் பின்னால் பல வருஷம் நின்றவன். இப்போது பந்திங்கில் சின்னதாக டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரிக் குட்டிப் பயணத்தில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பகுதி வானத்தில் செலவாவதில்லை, தரையில்தான் செலவாகிறது. பெட்டி போடும் இடம், வரிசை, காத்திருக்கும் அறை, டிக்கெட்டை மாற்றும் உரிமை, இவைதான் நீங்கள் வாங்குவது. இவற்றில் எது உங்கள் அப்பா அம்மாவுக்கு உபயோகப்படும் என்று பாருங்கள். உபயோகப்பட்டால் எடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல வேலை வேறு இருக்கிறது.

முதலில் வானக் கணக்கைப் பார்ப்போம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. அட்டவணையில் ஒரு மணி சொச்சம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கிய பிறகு வாசலைத் தேடி வருவதும் அடக்கம். சக்கரம் தரையை விட்டுத் திரும்பத் தரையைத் தொடும்வரை முக்கால் மணி நேரம்கூடப் பல நாட்களில் ஆகாது. ஏறும்போதும் இறங்கும்போதும் எந்த வகுப்பாக இருந்தாலும் இருக்கையை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், தட்டு மேசையை மடிக்க வேண்டும், பெல்ட் போட வேண்டும். ஆக, அந்த அகலமான இருக்கையைச் சாய்த்து, கால் நீட்டி, 'ஆகா' என்று உட்காருவதற்குக் கிடைப்பது இருபது நிமிஷம், போனால் இருபத்தைந்து.

அந்த இருபது நிமிஷத்தில் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். பெல்ட் விளக்கு அணைந்த அடுத்த நொடியே பணிப்பெண் திரையை இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். தட்டில் துணி விரித்து, சின்னதாக ஏதாவது ஒரு சாப்பாடு, பழம், கண்ணாடி டம்ளரில் பானம், பீங்கான் கோப்பையில் கோப்பி. எல்லாம் அழகாக இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சிரிப்பார். ஆனால் அவருக்கும் நேரம் இல்லை. நீங்கள் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கி ஊதிக்கொண்டிருக்கும்போதே காது அடைக்க ஆரம்பிக்கும், விமானம் இறங்குகிறது என்று அர்த்தம், "முடிச்சிட்டீங்களா" என்ற பாவனையில் பக்கத்தில் வந்து நிற்பார். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் ரோல்கால் ஓட்டத்துக்குப் பழகியவர் உங்கள் அப்பா, சாப்பிட்டு முடித்துவிடுவார், கவலையில்லை. அம்மாதான் பாதியில் கொடுத்துவிடுவார்.

இருக்கை விஷயத்தில் நம் பக்கத்து விமானங்கள் மோசமில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இந்த மாதிரிச் சின்னப் பயணங்களில் பிசினஸ் கிளாஸ் என்று பல கம்பெனிகள் விற்பது அதே எக்கானமி இருக்கைதான், நடு இருக்கையை மட்டும் காலியாக விட்டுவிடுவார்கள், முன்னால் ஒரு திரை தொங்கும், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. மலேசியா ஏர்லைன்சின் போயிங் 737இல் முன்னால் மூன்று அல்லது நான்கு வரிசை, பக்கத்துக்கு இரண்டு என்று நிஜமாகவே வேறு இருக்கை. பின்னால் மூன்று மூன்றாக ஆறு பேர் உட்காரும் அதே மூன்றரை மீட்டர் அகலத்தில் முன்னால் நான்கு பேர்தான். புருஷன் பெண்சாதி இருவரும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் தெரியாத ஆள் கிடையாது, ஜன்னல் பக்கம் ஒருவர், நடைபாதைப் பக்கம் ஒருவர். வயசான தம்பதிக்கு இது பெரிய சௌகரியம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாத்திக் ஏரிலும் அதே 737, முன்னால் 12 இருக்கைகள், இதே இரண்டு இரண்டு அமைப்பு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 2021 இறுதியிலிருந்து தன் 737-8 விமானங்களில் முழுசாகப் படுக்கையாக மாறும் இருக்கைகளைப் போட்டிருக்கிறது, மொத்தம் 10தான். அந்த விமானம் உங்களுக்குக் கிடைத்தால், கே.எல்.லிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் போவதற்குள் படுக்கையை விரிக்கும் பொத்தானைக் கண்டுபிடித்தாலே பெரிய காரியம். ஏர் ஏசியாவின் ஏ320இல் பிசினஸ் என்று ஒன்றே கிடையாது, முன் வரிசையைக் கொஞ்சம் கூட்டி விற்பார்கள். சுபாங்கிலிருந்து பறக்கும் ஃபயர்ஃபிளையின் ஏ.டி.ஆர் விசிறி விமானத்திலும் இல்லை, 72 பேருக்கும் ஒரே மாதிரி இருக்கை.

எந்த விமானம் வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிக்கெட் எடுக்கும்போதே இருக்கைப் படத்தைத் திறந்து பாருங்கள். முன்னால் இரண்டு இரண்டாக இருந்தால் 737. ஒன்று, இரண்டு, ஒன்று என்று பிரிந்து, நடுவில் இரண்டு நடைபாதை இருந்தால் பெரிய விமானம், ஏ330 மாதிரி. விலை ஒன்றாகவே இருந்தாலும் கிடைக்கும் சரக்கு வேறு. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிடுவதும் உண்டு, அதனால் இருக்கையை மட்டும் நம்பிக் காசு கட்டாதீர்கள்.

சரி, இப்போது தரைக்கு வருவோம், விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பிசினஸ் டிக்கெட் எடுத்தவருக்கு செக்-இன் கவுண்டர் தனி. பெட்டி எடை கூடுதல், கையில் கொண்டுபோகும் பையும் மலேசியா ஏர்லைன்சில் எக்கானமிக்கு ஒன்று, 7 கிலோ. பிசினசுக்கு இரண்டு, மொத்தம் 14 கிலோ. எக்கானமியில் மிகக் குறைந்த விலை டிக்கெட்டுகளில் கீழே போடும் பெட்டியே சேராமல் போகலாம், அதனால் டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஒப்பிடுங்கள். நம் ஆட்கள் சிங்கப்பூருக்குப் போனாலும் சும்மா போவதில்லை. புதுமனை விழா என்றால் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், முறுக்கு டின், மருமகளுக்குப் புடவை, பேரனுக்கு என்னவோ, மேலே பாபாஸ் மசாலா பாக்கெட் ஒரு வரிசை, எல்லாம் சேர்த்து அட்டைப் பெட்டியில் அடைத்து ரஃபியாக் கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் அப்பா பெயரை மார்க்கரில் பெரிதாக எழுதி வைத்திருப்பீர்கள். நான் கவுண்டரில் நின்றபோது தராசுத் தட்டில் இந்தப் பெட்டி ஏறும் சத்தத்திலேயே எத்தனை கிலோ என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். எடை கூடிவிட்டால் அங்கேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, எதை எடுப்பது என்று அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டு, முறுக்கு டின்னைக் கைக்கு மாற்றி, பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விட்டு... இது வேண்டாம் என்றால் பிசினஸ் எடை உபயோகம். ஆனால் அதற்கு மலிவான வழி, எக்கானமி எடுத்து முன்கூட்டியே இணையத்தில் கூடுதல் கிலோ வாங்கிவிடுவது. கவுண்டரில் வாங்கினால்தான் விலை கடிக்கும். எந்த வகுப்பானாலும் ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் ஏற்க மாட்டார்கள், தூக்குகிற ஆளின் முதுகுக்காக உள்ள விதி அது. ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் எல்லாம் திரவக் கணக்கு, கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், அங்கே பிசினஸ் டிக்கெட்டை நீட்டிப் பயன் இல்லை.

அடுத்தது லவுஞ்ச், அதாவது அந்தக் காத்திருக்கும் அறை. மலேசியா ஏர்லைன்சின் கோல்டன் லவுஞ்ச் நன்றாகத்தான் இருக்கும். சூடாக லக்சா போட்டுத் தருவார்கள், மெத்தை நாற்காலி, சுத்தமான கழிவறை, சத்தம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் அப்பா அம்மாவை வழியனுப்ப யார் வரப்போகிறார்கள்? இரண்டு காடி, ஒரு வேன் நிறைய ஆள் வரும். சித்தப்பா வருவார், பக்கத்து லைன் வீட்டு அக்கா வருவார், குழந்தைகள் வரும். எல்லோரும் சேர்ந்து மேலே உணவுக்கூடத்தில் நாசி லெமாக் சாப்பிட்டு, போட்டோ எடுத்து, பத்திரம் பத்திரம் என்று ஆளாளுக்குச் சொல்லி, குடிநுழைவு வாசல் வரைக்கும் வந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் விடுவார்கள். லவுஞ்ச் இருப்பது அந்த வாசலுக்கு அந்தப் பக்கம். டிக்கெட் உள்ளவர்தான் நுழைய முடியும். இத்தனை பேரை வெளியே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய் லக்சா சாப்பிட உங்கள் அம்மா சம்மதிப்பாரா? கடைசி அழைப்பு வரும்வரை வெளியே நின்றுவிட்டு, பிறகு ஓட்டமாக வாசலுக்குப் போவதுதான் நம் குடும்பங்களில் நான் பார்த்த வழக்கம். அப்படியென்றால் லவுஞ்சுக்குக் கொடுத்த காசு அப்படியே போச்சு.

லவுஞ்ச் யாருக்குக் கைகொடுக்கும் தெரியுமா, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு. சுங்கை சிப்புட்டிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ நடுராத்திரி வேன் பிடித்து, ரோட்டில் என்ன ஆகுமோ என்று பயந்து நாலு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்காருகிறார்களே, அவர்களுக்கு. நீங்கள் இருப்பது பந்திங் பக்கம், விமான நிலையம் உங்கள் கொல்லைப்புறம் மாதிரி, முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். செப்பாங்கில் தோட்ட நிலங்களுக்கு நடுவே 1998இல் அது வந்த நாளிலிருந்து நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே ஷிஃப்ட் வேலைக்குப் போய் வருகிறார்கள். காத்திருக்கும் நேரமே குறைவு என்றால் காத்திருக்கும் அறைக்கு ஏன் காசு?

குடிநுழைவில் தனி வரிசை என்பதைப் பெரிய சலுகையாக விற்பார்கள். மலேசியக் கடப்பிதழ் உள்ளவருக்குத் தானாகத் திறக்கும் ஆட்டோகேட் இருக்கிறது, வரிசை சரசரவென்று ஓடும். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். வருஷக்கணக்காகக் குலை தூக்கிய, பாராங் கத்தி பிடித்த கையில் பெருவிரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கும் அப்படித்தான். இயந்திரம் விரலைப் படிக்க மறுக்கும், சிவப்பு விளக்கு எரியும், முதல் தடவை போகிறவர் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துப் பதறிப்போவார். இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்: கேட் திறக்காவிட்டால் ஒன்றும் இல்லை, பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்கும் கவுண்டருக்குப் போனால் கையால் பார்த்து அனுப்புவார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரியாகப் பட்டது. முழங்கால் வலிக்கு மருந்து பிசினஸ் கிளாஸ் இல்லை, வீல்சேர். டிக்கெட் எடுத்த கையோடு, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் விமான நிறுவனத்துக்குச் சொல்லி எழுதி வைத்துவிடுங்கள். மூன்று வகை உண்டு. தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர் என்ற குறியீடு. படியும் ஏற முடியாது, இருக்கை வரை நடப்பார் என்றால் கடைசி எழுத்து எஸ். நடக்கவே முடியாது, இருக்கையில் தூக்கித்தான் வைக்க வேண்டும் என்றால் சி. உங்கள் அம்மாவுக்கு முதல் வகை அல்லது இரண்டாவது போதும். செக்-இன் கவுண்டரிலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டே போய், பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவு எல்லாவற்றையும் வரிசையில் நிற்காமல் முடித்து, விமான வாசலில் விடுவார், சாங்கியில் இறங்கியதும் இன்னோர் ஆள் காத்திருப்பார். கூடப் போகும் அப்பாவும் அதே பாதையில் போகலாம். இதில் பிசினஸ், எக்கானமி என்ற பேதம் கிடையாது. விமானத்தில் முதலில் ஏற்றுவதும் இவர்களைத்தான், இறங்கும்போது மட்டும் கடைசி. மூன்று மடங்கு காசு கொடுத்து வாங்கும் வசதியில் பாதி இதிலேயே வந்துவிட்டது. வீல்சேர் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று அம்மா முரண்டு பிடிப்பார், எல்லா அம்மாவும் பிடிக்கிறவர்கள்தான், கே.எல்.ஐ.ஏ.யில் வாசலுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று யாராவது போய்வந்தவரை விட்டுச் சொல்ல வையுங்கள்.

டிக்கெட் விலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சங்கதி. 2019 செப்டம்பர் 1 முதல் மலேசியாவிலிருந்து விமானத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு அரசாங்கம் புறப்பாட்டு வரி விதிக்கிறது. ஆசியான் நாடுகளுக்கு எக்கானமி என்றால் 8 வெள்ளி (ரிங்கிட்), மற்ற வகுப்பு எதுவாக இருந்தாலும் 50 வெள்ளி. ஆசியானுக்கு வெளியே, உதாரணமாக இந்தியாவுக்கு, எக்கானமிக்கு 20, மற்றதற்கு 150. உங்கள் அப்பா அம்மா இருவருக்கும் சிங்கப்பூர் போவதில் இதனாலேயே 84 வெள்ளி கூடுகிறது, அதில் ஒரு சென்கூட வசதியாகத் திரும்பி வராது. விமான நிலையச் சேவைக் கட்டணம் மட்டும் இரண்டு வகுப்புக்கும் ஒன்றுதான்.

தாமதம் ஆனால் பிசினஸ் டிக்கெட்டுக்குச் சட்டத்தில் கூடுதல் உரிமை ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். இல்லை. 2016ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு எல்லாப் பயணிக்கும் ஒன்றுதான்: இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும், ஐந்து மணி நேரம் தாண்டி ராத்திரி தங்க வேண்டி வந்தால் ஹோட்டலும் அங்கே போய்வர வண்டியும் தர வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பயணமே வேண்டாம் என்று பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியும். நடைமுறையில் முன்னால் உட்காருகிறவரை முதலில் கவனிப்பார்கள், அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவதில் வேகம் இருக்கும், அது உபசாரம், உரிமை இல்லை.

விலை எப்போதும் மூன்று மடங்காகவே இருப்பதில்லை, தேதியைப் பொறுத்து ஆடும். இந்தத் தடத்தில் போட்டி அதிகம், 2008 பிப்ரவரி வரை மாஸ் என்ற மலேசியா ஏர்லைன்சும் சிங்கப்பூர் ஏர்லைன்சும்தான் ஏறக்குறைய முழுசாகக் கையில் வைத்திருந்தார்கள், சிக்கன விமானங்கள் நுழைந்த பிறகுதான் சாதாரணக் குடும்பம் பறக்க ஆரம்பித்தது. 2023இல் உலகத்திலேயே அதிக இருக்கைகள் விற்பனைக்கு விடப்பட்ட சர்வதேசத் தடம் இதுதான் என்று விமான அட்டவணைகளைத் தொகுக்கும் ஓ.ஏ.ஜி நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. அத்தனை விமானம் இருப்பதால் செவ்வாய், புதன் மத்தியானம் மாதிரி நேரத்தில் முன் இருக்கைகள் காலியாகவே பறக்கும். அங்கேதான் ஏலம் வருகிறது. மலேசியா ஏர்லைன்சில் எம்.எச்.அப்கிரேட் என்ற பெயரில், எக்கானமி டிக்கெட் எடுத்தவர் இவ்வளவு கூடுதலாகத் தருகிறேன் என்று கேட்டு வைக்கலாம், ஒப்புக்கொண்டால்தான் காசு பிடிப்பார்கள். ஆனால் ஒன்று, நீங்கள் போடும் தொகை ஓர் ஆளுக்கு. ஒரே பதிவில் இருவர் இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் எடுப்பார்கள், அப்பாவுக்கு மட்டும் கேட்டு அம்மாவைப் பின்னால் விட முடியாது, விட்டாலும் வீட்டில் சோறு கிடைக்காது. எடையும் லவுஞ்சும் சேர்ந்து வருமா, இருக்கை மட்டுமா என்பதை ஏலப் பக்கத்திலேயே படித்துவிடுங்கள்.

நல்ல சட்டை போட்டுப் போனால் முன்னால் தூக்கிப் போடுவார்கள் என்று தோட்டத்திலிருந்து டத்தோ பட்டம் வாங்கியவர் வீடு வரைக்கும் எல்லோரும் நம்புகிறார்கள். கவுண்டரில் நின்றவன் சொல்கிறேன், அப்படி ஒரு விதி கிடையாது. எக்கானமி நிரம்பி வழிந்தால் யாரை முன்னால் நகர்த்துவது என்பதை உறுப்பினர் அட்டையின் நிறமும் டிக்கெட் வகையும் முடிவு செய்யும், சட்டை இல்லை.

அப்படியானால் பிசினஸ் கிளாஸே வேஸ்டா? இல்லை. சென்னைக்கோ திருச்சிக்கோ போகும்போது நான் வாய் கூசாமல் எடுக்கச் சொல்வேன், அதுவும் வயசானவர்களுக்கு. ஏறக்குறைய நாலு மணி நேரம், பல விமானங்கள் ராத்திரியில், காலைத் தொங்கப்போட்டே இருந்தால் இறங்கும்போது பாதம் வீங்கிச் செருப்பு ஏறாது. அங்கே அந்தச் சாயும் இருக்கைக்கு வேலை இருக்கிறது, சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது, எடைக்கும் வேலை இருக்கிறது, போகும்போது மைலோவும் கோடாலித் தைலமும், வரும்போது புடவையும் பாத்திரமும். உங்கள் அப்பா அம்மாவுக்கு ஊர்ப்பக்கம் குலதெய்வக் கோயில் பயணம் மனசில் இருந்தால், இந்தப் போனசை அதற்கு எடுத்து வைப்பதைத்தான் நான் சொல்வேன்.

இன்னொரு சந்தர்ப்பம் துக்கம். சிங்கப்பூரிலோ ஊரிலோ ஓர் இறப்பு, நாளைக் காலையே எடுக்கிறார்கள் என்று போன் வரும். எக்கானமியில் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு இடம், அதன் விலையும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு மாற்றவும் திருப்பவும் கூடிய எக்கானமியையும் மலிவு பிசினசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சில சமயம் நூறு, இருநூறு வெள்ளிதான். இதைப் பார்க்காமலே பிசினஸ் நமக்கு எதற்கு என்று தள்ளிவிடுகிறார்கள். காரியம் எப்போது முடியும், எப்போது திரும்புவோம் என்று தெரியாத பயணத்தில் தேதி மாற்றும் உரிமை பெரிய விஷயம். என் கடையில் ஒரே ராத்திரியில் பிசினஸ் டிக்கெட் எழுதியதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான், கொண்டாட்டத்துக்கு இல்லை.

பஸ்ஸையும் மறந்துவிடாதீர்கள். கே.எல்.லிலிருந்து சிங்கப்பூருக்கு அகலமான இருக்கை போட்ட சொகுசு பஸ்கள் ஓடுகின்றன, சிலதில் சாப்பாடும் உண்டு, ஐந்து ஆறு மணி நேரம். ஆனால் எல்லையில் இரண்டு தடவை இறங்கி ஏற வேண்டும், சாமானோடு படி ஏறி நடக்க வேண்டும். முழங்கால் வலிக்கு அது ஆகாது, அதோடு அப்பா ஆசைப்படுவது விமானம்.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். போகும்போது மட்டும் பிசினசுக்கு முயற்சி, வரும்போது எக்கானமி. போவதற்கும் எக்கானமியிலேயே வாரநாள் விமானம் எடுத்து, ஏலத்தில் குறைந்த தொகை போட்டுப் பார்ப்பேன், கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் அழுத்திப் பிடிக்க மாட்டேன், முன் வரிசைப் பக்கம் ஜன்னலோரம் இருக்கைக்குச் சில வெள்ளி கட்டி உட்கார வைப்பேன், ஏனென்றால் முதல் தடவை பறக்கிறவருக்கு வேண்டியது ஜன்னல். எந்த வகுப்பாக இருந்தாலும் போகும்போது வலப்பக்கம் கேளுங்கள், மலாக்கா நீரிணை அந்தப் பக்கம்தான் கூடவே வரும். ஏறின கொஞ்ச நேரத்தில் செம்பனை வரிசைகள் கோடு கோடாக நிற்பதும் தெரியும். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்தே வேலை பார்த்தவர், மரத்தின் தலையை மேலிருந்து பார்ப்பார். மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கமே அடிக்கும், காலை விமானம் என்றால் தொல்லையில்லை.

சாப்பாடு சொல்லும்போது ஜாக்கிரதை. இந்து சாப்பாடு என்று எச்.என்.எம்.எல் போட்டால் சைவம் வரும் என்று நினைக்கிறார்கள், வராது, மாட்டிறைச்சி மட்டும் இருக்காது, கோழியோ மீனோ ஆடோ வரும். சைவம் வேண்டும் என்றால் ஏ.வி.எம்.எல் என்று கேட்க வேண்டும், குறைந்தது ஒரு நாள் முன்னால். அம்மா விரதம் இருக்கும் நாளில் பறக்கிறார் என்றால் இதில் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

டிக்கெட்டில் பெயர் எழுதும்போது கடப்பிதழில் உள்ளது உள்ளபடியே. இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பதில் உள்ள சாய்கோட்டை இணையத்தளம் ஏற்காது, ஏஎல், ஏபி என்று சேர்த்து எழுதினால் போதும், அதற்காகப் பயப்பட வேண்டாம், எழுத்துப்பிழை மட்டும் வேண்டாம். கடப்பிதழ் காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச்சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத் தளம் இல்லை. இருவருக்கும் நீங்களே உங்கள் மின்னஞ்சலைப் போட்டு நிரப்பி, அண்ணன் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வீல்சேர் பதிவாகியிருக்கிறதா என்று புறப்படும் முந்தின நாள் ஒரு போன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், பந்திங் பக்கம் வந்தால் கடைக்கு வாங்க, தேதியை வைத்து விலை பார்த்துச் சொல்கிறேன்.